இழை: ரைஃபிள் ‘ஆக்‌ஷன்’ – சிறுமை, பெருமையா? குறில், நெடிலா?

வணக்கம்.

நம் துப்பாக்கிச் சொற்பட்டியலில் ‘போல்ட் ஆக்‌ஷன்’ இன்னும் ‘செயல்’ என்றே கிடக்கிறது. அது செயல் அல்ல, உறுப்புத் தொகுதி. மேகசின் என்னும் தோட்டாப் பெட்டியிலிருந்து தோட்டாவைத் தள்ளிக் குழலின் பின்முனை அறையில் ஏற்றும், பின்புறத்தைப் பூட்டும், சுட்டபின் வெற்றுக்கூட்டைப் பிடித்திழுத்து வெளியே எறியும். கதவுத் தாழ்ப்பாளைப் போலக் கைப்பிடியைத் திருப்பி இழுப்பதால் ‘தாழ்ப்பொறி’ என்று முன்வைக்கிறேன். ஷார்ட் ஆக்‌ஷன் சிறுதாழ்ப்பொறி, லாங் ஆக்‌ஷன் பெருந்தாழ்ப்பொறி, கூடுதல் வலுவுள்ள தோட்டாக்களுக்கான மேக்னம் ஆக்‌ஷன் வலுத்தாழ்ப்பொறி. சரிவருமா?

– மஞ்சக்குப்பம், கடலூர்

* * *

ஐயா, வணக்கம்.

தாழ்ப்பொறி அருமை. அப்படியே எடுத்துக்கொள்வோம். ஆனால் சிறு, பெரு, வலு மூன்றுமே வேண்டாம். இங்கே அளக்கப்படுவது நீளம் மட்டும்தான்: தோட்டாவில் கூட்டின் (வெடிமருந்து அடைத்த உலோக உறையின்) அடியிலிருந்து குண்டின் நுனி வரை உள்ள முழு நீளம்.

.308 வின்செஸ்டர் தோட்டா சுமார் 71 மி.மீ. இது ஷார்ட். 1906-இல் வந்த .30-06 சுமார் 85 மி.மீ. இது லாங். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான், கூட்டின் அடி விட்டமும் 12 மி.மீ.தான். ‘பெரு’ என்றால் படிப்பவர் குழல் துளை பெரிது என்றே நினைப்பார்.

‘வலு’ இன்னும் மோசம். .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் பருத்த, வலுவான தோட்டா. ஆனால் நீளம் சுமார் 72.5 மி.மீ. மட்டுமே, ஷார்ட் ஆக்‌ஷனில்தான் உட்காரும். அதற்கு மாற வேண்டியது தாழின் முகம், அதாவது கூட்டின் அடி வந்து உட்காரும் முன்பகுதி. 12 மி.மீ. அடிக்கு வெட்டிய முகத்தில் 13.5 மி.மீ. அளவுள்ள அடி நுழையாது. ஆகவே நீளம் ஒரு சொல், ‘தாழ்முகம்’ தனிச் சொல். இரண்டையும் ஒரே முன்னொட்டில் அடைத்தால் பட்டியலை நம்பி உதிரி கேட்பவர் தவறான தாழை வாங்கி வருவார்.

என் பரிந்துரை: குறுந்தாழ்ப்பொறி, நெடுந்தாழ்ப்பொறி. 91 மி.மீ. நீளமுள்ள .375 ஹெச் அண்ட் ஹெச் போன்றவற்றுக்கு மீநெடுந்தாழ்ப்பொறி.

பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதும் விளக்கத்தில் வர வேண்டும். நீளத் தோட்டாவைக் குறும்பொறியில் திணித்தால் முதலில் மேகசின் பெட்டியே இடம் தராது. பெட்டிக்கு அடங்கட்டும் என்று குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக அழுத்தினால் மருந்துக்கான இடம் குறையும். மருந்தின் அளவைக் குறைக்காமல் விட்டால் அழுத்தம் ஏறும். ஒவ்வொன்றாகக் கையால் அறையில் வைத்தாலோ, சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டின் நுனி வெளியேற்றுவாயின் முன்விளிம்பில் இடித்து நின்றுவிடும். ஏற்றிய துப்பாக்கியைக் காலி செய்ய முடியாமல் போவது சாதாரணக் கோளாறு அல்ல.

எதிர்ப்பக்கம் அவ்வளவு ஆபத்தில்லை. குறுந்தோட்டாவை நெடும்பொறியில் போட்டால் பெட்டிக்குள் முன்பின் ஓடும். பின்னுதைப்பில் குண்டு நுனி முன்சுவரில் மோதி நசுங்கும். பெட்டியின் பின்பக்கம் ஓர் அடைகட்டை வைத்தால் தோட்டா முன்னே நிற்கும், அறைக்குள் ஒழுங்காக ஏறும்.

– முதலியார்பேட்டை, புதுச்சேரி

* * *

ஐயா, குறு, நெடு ஏற்புடையதே. தமிழில் குறில் நெடிலும் நீளக் கணக்குத்தானே, படித்தவுடன் பிடிபடும்.

ஒரு சேர்க்கை. நம் நாட்டுச் சான்று ஒன்று விளக்கத்துக்குப் பொருந்தும்: மேற்கு வங்கத்து இஷாப்பூரில் 1960-களில் செய்த 2ஏ ரைஃபிள். .303 தோட்டாவுக்கான லீ-என்ஃபீல்டு என்னும் பிரிட்டிஷ் ரைஃபிள் அமைப்பை, .308-ஐ ஒத்த 7.62×51 தோட்டாவுக்கு மாற்றினார்கள். முழு நீளம் 78-லிருந்து 71 மி.மீ.க்கு இறங்கியது, பொறிக்குள் இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் .303-க்கு அடியில் புடைத்த விளிம்பு உண்டு, புதியதற்கு இல்லை. அதனால் கூடு பிடிக்கும் கொக்கியும் மேகசினும் மாறின. அழுத்தம் கூடியதால் எஃகும் மாறியது. நீளம் பொருந்தினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

‘தாழ்’ தனியே நின்றால் ‘தாழ்வு’ என்று படிக்கப்படும். ‘தாழ் நீளம்’ என்று எழுதிப் பாருங்கள். பொறிக்குள் முன்பின் நகரும் உருளைக்குத் ‘தாழ்த்தண்டு’ என்போம், தாழ்முகம் அப்படியே இருக்கட்டும். இன்னொன்றும் தேவை: நெடும்பொறியில் தண்டைக் கடைசிவரை இழுக்காமல் அவசரத்தில் முன்னே தள்ளிவிடுவது. வெற்றுக்கூடு வெளியேறாது, அல்லது அடுத்த தோட்டா ஏறாமல் வெற்றறை மேல் தண்டு மூடிக்கொள்ளும். ஷார்ட் ஸ்ட்ரோக் என்கிறார்கள்.

– மஞ்சக்குப்பம்

* * *

அதற்கு ‘அரையிழுப்பு’. தாழ்த்தண்டு சரி. பதிவை இப்படி ஏற்றுகிறேன், மறுப்பிருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்:

குறுந்தாழ்ப்பொறி: .308 வின்செஸ்டர் அளவு, அதாவது சுமார் 71–73 மி.மீ. முழு நீளம் வரையுள்ள தோட்டாக்களுக்கான தாழ்ப்பொறி. தாழ்முக விட்டம் தனியே குறிக்கப்பட வேண்டும். தோட்டா மாற்றம், பொறி மாற்றம் எதுவானாலும் உரிமம் பெற்ற படைக்கலப் பணியாளர் மட்டுமே செய்யலாம்.

– முதலியார்பேட்டை