ரிட்டர்ன் வேல்யூ: ‘திருப்பு மதிப்பு’ வேண்டாம், ‘முடிவெண்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ஸ்டோர்டு புரொசீஜருக்கு, அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைத்துப் பெயர் சொல்லி இயக்கும் நிரலுக்கு, ‘சேமித்த செயல்முறை’ என்று வைத்ததில் எனக்கு முழுச் சம்மதம். ரிட்டர்ன் வேல்யூவுக்குத் ‘திருப்பு மதிப்பு’ என்றே வைத்துவிடலாம் என்று அடுத்து எழுதியிருந்தீர்கள். செயற்கூறுகளுக்கு (ஃபங்ஷன்) அது சரி. ஆனால் மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரின் சேமித்த செயல்முறைக்கும் அதே சொல்லைப் போட்டால், படிப்பவர் தவறான இடத்தில் போய்த் தேடுவார். என் கண்முன்னாலேயே இது நடந்தது.

வேலைக்குப் புதிதாக வந்த இருவருக்காக நிரலிலிருந்து தரவுத்தளத்தோடு பேச உதவும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எடுத்துக்காட்டு, விடுப்பு விண்ணப்பத்தைப் பதியும் ஒரு செயல்முறை. விடுப்பு மிச்சம் இருந்தால் பதிந்துவிட்டு 0 சொல்லும். இல்லாவிட்டால் 2 சொல்லும். ‘செயல்முறையை இயக்கி, திருப்பு மதிப்பைப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தேன். அவர்களில் ஒருவர் அதிலுள்ள, கட்டளையை இயக்கும் எக்ஸிகியூட்எஸ்க்யூஎல்ரா மெத்தடை அழைத்து, அது கொடுத்த எண்ணை எடுத்துக்கொண்டார். எத்தனை முறை ஓட்டினாலும் -1தான். அரை நாள் போய்விட்டது.

அவர்மேல் தவறே இல்லை. அந்த மெத்தடும் ஒரு மதிப்பைத் திருப்புகிறதே! ஆனால் அது எத்தனை வரிசைகள் மாறின என்ற கணக்கு. செயல்முறைக்குள் நோகவுன்ட் ஆன், அதாவது கணக்குச் சொல்ல வேண்டாம், என்று போட்டிருந்ததால் அந்தக் கணக்கும் வராமல் -1 வந்தது. செயல்முறை சொன்ன 2 வேறு வழியில் வர வேண்டியது. செயல்முறையை இயக்கும் எக்ஸெக் கட்டளையிலேயே அதன் பெயருக்கு முன்னால் ஒரு மாறியும் சமக்குறியும் வைத்து, அந்த மாறியை அவுட்புட் திசையுள்ள அளபுருவாக (பாராமீட்டர்) அனுப்பினால்தான் அது கைக்கு வரும். ரிட்டர்ன்வேல்யூ என்று ஒரு திசை இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். கட்டளையின் வகை (கமாண்ட் டைப்) ஸ்டோர்டு புரொசீஜர் என்று இருந்தால் அது போதும். இந்த மெத்தடோ கட்டளையை வெறும் உரையாக அனுப்புகிறது.

கடைக்கு அனுப்பிய பிள்ளை வீடு திரும்பும்போது பையில் சாமான் இருக்கும், கையில் மீதிச் சில்லறை இருக்கும், ‘போன காரியம் காயா, பழமா?’ என்று கேட்டால் வாயில் ஒரு பதிலும் இருக்கும். சாமான்தான் விடை வரிசைகள். சில்லறை அவுட்புட் அளபுரு. ரிட்டர்ன் என்பது வாயால் சொல்லும் அந்தப் பதில் மட்டும். அதனால்தான் அதில் முழு எண்ணைத் தவிர வேறெதுவும் போகாது. பெயரையோ தேதியையோ அனுப்ப முடியாது. ஒன்றும் எழுதாமல் விட்டால் வழக்கமாக 0, அதாவது பழம்.

என் வாதத்துக்குப் பலமான சான்று, எஸ்க்யூஎல் சர்வரும் நம் நிரலும் பேசிக்கொள்ளும் டிடிஎஸ் நெறிமுறையிலேயே இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் பதில் அனுப்பும்போது இந்த எண்ணுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ரிட்டர்ன்ஸ்டேட்டஸ். ரிட்டர்ன்வேல்யூ என்ற பெயர் அவுட்புட் அளபுருக்களுக்குத்தான்! கம்பிக்குள் தெளிவாக இரண்டாக ஓடுவது, நிரலாளர் கைக்கு வரும்போது ஒரே பெயருக்குள் குழம்பிவிடுகிறது. இரண்டுமே விடை வரிசைகளுக்குப் பின்னால்தான் வருகின்றன. வரிசைகளை ஒவ்வொன்றாகத் தரும் ரீடரை முழுதும் படித்து மூடுவதற்கு முன் எட்டிப் பார்த்தால் காலியாக இருப்பது அதனால்தான். பை காலியான பிறகுதான் பதில்.

மற்ற சில தரவுத்தளங்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் செயல்முறைக்கு ரிட்டர்ன் வேல்யூ என்பதே கிடையாது, அது செயற்கூறுக்குத்தான். ஜாவா பக்கம், தரவுத்தளத்தோடு பேசும் தரநிலையான ஜேபிஏவின் 2.1 பதிப்பு கொண்டுவந்த வசதியிலும் அவுட்புட் அளபுருவை எடுக்க வழி உண்டு, ரிட்டர்ன் வேல்யூவுக்கென்று தனி வழி இல்லை. ஆகவே ‘திருப்பு மதிப்பு’ செயற்கூறோடு இருக்கட்டும்.

முதலில் ‘நிலைக்குறி’ என்று யோசித்தேன். இணையப் பக்கத்தின் 404க்கு அதைப் புழங்குகிறோம். இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் இடிக்கும். ‘முடிவுக்குறி’ என்று பார்த்தேன். முற்றுப்புள்ளியின் இன்னொரு பெயர்போல ஒலிக்கிறது. ‘முடிவெண்’ எனக்குப் பிடித்திருக்கிறது. எண் மட்டுமே வரும் என்பது சொல்லிலேயே இருக்கிறது, வேற்றுமை உருபு ஏற்றாலும் நாக்கில் தடுக்கவில்லை. ‘செயல்முறையின் முடிவெண்ணை எடுத்துப் பாருங்கள், 2 என்றால் விடுப்பு மிச்சமில்லை.’ இப்படி மாற்றிய குறிப்பை இன்னொருவரிடம் கொடுத்தேன். ‘முடிவெண் எந்த வழியாக வரும்?’ என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அது போதும்.

கடைசி எண் என்று யாராவது பொருள் கொள்வார்களா என்ற தயக்கம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. உங்களுக்கு அப்படித் தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். அப்புறம், அவுட்புட் அளபுருவுக்கு ‘வெளியீட்டு அளபுரு’ என்பதா, ‘வெளிவரு அளபுரு’ என்பதா? எனக்கு இரண்டாவது. வெளியீடு என்றால் புத்தக வெளியீடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் போன்றவற்றின் பொதுப்பெயரான ஓஆர்எம்மில் இப்போது கைவைக்க வேண்டாம்; அதற்குத் தனி மடல் வேண்டும்.