ஏஜென்ட் தானே சாவி போட்டுத் திறந்து வாடகை வீட்டுக்குள் வருகிறார் – டர்பனில் இதற்குச் சட்டம் என்ன?

உம்லாங்கா_புதுசு

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், யாராவது பதில் சொல்லுங்கள். நாங்கள் டர்பன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்று காலை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இவர்தான் எதையோ மறந்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால் ஏஜென்ட் அம்மா, கூடவே முன்பின் தெரியாத ரெண்டு பேர். சிரித்துக்கொண்டே ஒரு ஹலோ, அவ்வளவுதான். செருப்புக் காலோடு சமையலறை, படுக்கையறை எல்லாம் சுற்றி, என் பீரோவையும் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போன வாரம் நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது பாத்ரூம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் வந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

இவரிடம் சொன்னால், “புது ஊரு, வம்பு எதுக்கு, விசால ஏதாவது பிரச்சனை ஆகிடும்” என்கிறார். பூட்டை மாற்றலாமா? காலி செய்தால் டிபாசிட் திரும்ப வருமா? கை இன்னும் நடுங்குகிறது.

லெனேசியா_பழசு

பதறாதீர்கள் தங்கச்சி. இந்த ஊரில் வீடு பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நோட்டம் விட வருகிறவர்களும் உண்டு. முதலில் நகையை எடுத்துப் பத்திரமான இடத்தில் வையுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம். அலாரம் இருக்கிறதா? ஆயுதத்தோடு வரும் செக்யூரிட்டி கம்பெனியோடு இணைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள்.

நான் வந்த புதிதில் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் உங்களுடையதை மறந்துவிடுவீர்கள். அப்போது முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்க மாட்டார்கள். வங்கி ஸ்டேட்மென்ட் இல்லாமல் எவரும் வீடு தர மாட்டார்கள். நண்பர் வீட்டு கராஜில் ஒரு மெத்தையும் குக்கருமாகக் கிடந்தேன். ஜூலை மாத ஜோஹன்னஸ்பர்க் குளிர், ஹீட்டர் கிடையாது. யார் உள்ளே வருகிறார் போகிறார் என்று பார்க்கிற நிலைமையிலா இருந்தோம்? கதவு ஒன்று இருந்ததே பெரிய விஷயம்.

டிபாசிட் கேட்டீர்களே, கண்டிப்பாக வரும். ஓனர் அதை வட்டி வரும் கணக்கில்தான் போட்டு வைக்க வேண்டும், வட்டியோடுதான் திருப்ப வேண்டும். நான் சண்டை போட்டு வாங்கினேன்.

மிட்ராண்ட்_கவி

அண்ணா, அவர் கேட்டது கராஜ் கதை இல்லை. 24 மணி நேர நோட்டீஸ் தராமல் உள்ளே வந்தால் சட்டப்படி தப்பு, அவ்வளவுதான். அக்கா, பூட்டை இன்றே மாற்றுங்கள். அடுத்த மாத வாடகையையும் நிறுத்தி வையுங்கள், தானாக வழிக்கு வருவார்கள்.

மாரிட்ஸ்பர்க்_கணக்குப்பிள்ளை

நான் வக்கீல் இல்லை. வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அதனால் இந்தச் சண்டைகள் தினமும் என் மேசைக்கு வரும்.

கவி, 24 மணி நேரம் என்று சட்டத்தில் இல்லை. 1999-இல் வந்த ரென்டல் ஹவுசிங் ஆக்ட், 4-வது பிரிவு. வாடகைக்கு இருப்பவருக்குத் தன் வீட்டில் தனிமை உரிமை உண்டு. ஓனர் வீட்டைப் பார்வையிடலாம், ஆனால் நியாயமான அவகாசம் கொடுத்து முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நியாயமான முறையில் பார்க்க வேண்டும். இத்தனை மணி என்று அங்கே கணக்கு எதுவும் போடவில்லை. 24 மணி நேரம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் எழுதி எழுதி வழக்கமாகிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் 48 என்று இருந்தால் 48. நள்ளிரவில் கீசர் வெடித்து கூரையிலிருந்து தண்ணீர் கொட்டினால், யாரும் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டையோ உடைமைகளையோ சோதனை போடுவதற்கும், பொருளை எடுத்துக்கொண்டு போவதற்கும் டிரிப்யூனல் (வாடகைச் சண்டைகளை விசாரிக்கும் மன்றம்) தீர்ப்போ கோர்ட் உத்தரவோ வேண்டும். பீரோவைத் திறந்தது சாதாரண விஷயமில்லை. சுவரில் பதித்த அலமாரியைத் திறந்து காட்டினால்கூட வீட்டைக் காட்டினோம் என்று சமாளிக்கலாம். உங்கள் சொந்த பீரோ வேறு.

வாடகையை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நிறுத்திய நிமிடத்தில் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். டிரிப்யூனலில் புகார் கொடுத்தால்கூட, தீர்ப்பு வரும்வரை அல்லது 3 மாதம்வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை, நீங்கள் வாடகை கட்டியாக வேண்டும். அதே காலத்தில் ஓனரும் உங்களை வெளியேற்ற முடியாது.

மிட்ராண்ட்_கவி

சரி, மணிக்கணக்கு சட்டத்தில் இல்லை என்பது எனக்குப் புதுசு. ஆனால் பூட்டு மாற்றுவதில் என்ன தப்பு? குழந்தையோடு தனியாக இருக்கிறார்.

சாட்ஸ்வர்த்_மாமா

நான் இங்கே பிறந்தவன். என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ், தடுக்கி விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஓனர்தான். பின்கட்டில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். பூட்டை மாற்றி எனக்குச் சாவி தராமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும். வங்கிக்கு மாதத் தவணை கட்டுவது நான். ஒரு ஆளுக்கு விட்டேன், உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். சொல்லிவிட்டுப் போனால் ஆறு பேரும் காணாமல் போய்விடுவார்கள். ஓனர் பக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆனால் அந்த ஏஜென்ட் செய்தது அசிங்கம், மகளே. பெண்பிள்ளை குழந்தையோடு இருக்கிற வீட்டில் மணி அடிக்காமல் சாவி போடுவதா? என் அம்மா இதே டர்பனில், கேட்டோ மேனரில் பிறந்தவர். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் இருக்கலாம் என்ற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து எல்லாரையும் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். சாகும்வரை யாராவது கதவைத் தட்டினால் அம்மாவின் முகம் மாறும். இப்போதைய அரசியல் சாசனத்தில் 14-வது பிரிவு தனிமை உரிமை, 26-வது பிரிவு கோர்ட் உத்தரவில்லாமல் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்பது. ரெண்டையும் எங்கள் ஜனங்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். குடிமகனுக்கு மட்டும் என்று அங்கே போடவில்லை, ‘எவருக்கும்’ என்றுதான் போட்டிருக்கிறது. விசாவை நினைத்துப் பயப்படாதீர்கள்.

ஃபோர்வேஸ்_சங்கர்

மாமா சொன்னது சரி, ஆனால் நிஜத்தில் என்ன நடக்கிறது? எங்கள் காம்ப்ளெக்ஸில் மீன் வறுத்தால் புகார். வாசலில் கோலம் போட்டால் புகார். வீடு பார்க்க ஆள் வருகிற நாளில் சமைக்காதீர்கள் என்று ஓர் ஏஜென்ட் எனக்கு மெசேஜே அனுப்பினார். அன்றைக்குச் சாப்பாட்டை யார் வாங்கித் தருவது?

லெனேசியா_பழசு

மீனாவது பரவாயில்லை தம்பி. 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான மின்வெட்டில், இருட்டில், டார்ச் அடித்துக்கொண்டு வீட்டை இன்ஸ்பெக்ஷன் செய்தார் ஒருவர். சுவரில் கறை தெரிகிறதாம்.

ஃபோர்வேஸ்_சங்கர்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்ன ஓனரே தேவலை. அவராவது வந்தால் காபி கேட்பார்.

மிட்ராண்ட்_கவி

இதற்குப் பெயர் உதவியா? அவர் பாவம் காத்துக்கொண்டிருக்கிறார்.

மாரிட்ஸ்பர்க்_கணக்குப்பிள்ளை

உம்லாங்கா அம்மா, சில விஷயம் தெரியாமல் மேலே சொல்வது கஷ்டம். ஒப்பந்தம் யார் பெயரில்? எழுத்தில் இருக்கிறதா? உள்ளே வருவது பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது? கூட வந்த ரெண்டு பேர் யார், வாங்க வந்தவர்களா, வாடகைக்கு வந்தவர்களா? உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ முன்னால் ஏதாவது செய்தி வந்ததா? போனை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.

உம்லாங்கா_புதுசு

எல்லாருக்கும் நன்றி. இவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன். வீட்டை விற்கப் போகிறார்களாம்! அதுவே எனக்கு இப்போதுதான் தெரியும். ஒப்பந்தம் இவர் பெயரில், எழுத்தில் இருக்கிறது, இன்னும் 8 மாதம் பாக்கி. வாங்க வருபவர்களுக்கு ‘நியாயமான நேரத்தில்’ வீட்டைக் காட்டலாம் என்று ஒரு வரி இருக்கிறது, மணி எதுவும் போடவில்லை.

இன்னொன்று. ஏஜென்ட் நேற்று ராத்திரி இவருக்கு வாட்ஸாப்பில் காலை வருவதாகச் செய்தி போட்டிருக்கிறார். இவருடைய தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைக்க வேண்டும், ராத்திரி ஷிப்ட், பார்க்கவே இல்லை. அது மட்டுமில்லை, சாவி வாங்கிய அன்றைக்கு இவரே அந்த அம்மாவிடம் “எப்ப வேணும்னாலும் வாங்க, நோ ப்ராப்ளம்” என்று எழுதியிருக்கிறார். மரியாதைக்குச் சொன்னாராம்.

சாட்ஸ்வர்த்_மாமா

ஐயோ. அந்த ஒரு வரி போதும், ஏஜென்ட் அதையே காட்டிக்கொண்டிருப்பார்.

மாரிட்ஸ்பர்க்_கணக்குப்பிள்ளை

இதைத்தான் கேட்டேன். இப்போது கேஸ் முழுக்க உங்கள் பக்கம் இல்லை, ஆனால் தோற்கவும் இல்லை. ராத்திரி செய்தி போட்டு, பதில் வராமலே காலையில் சாவி போட்டுத் திறப்பது நியாயமான அவகாசமா என்று கேட்டால், டிரிப்யூனலில் ஏஜென்ட் திணறத்தான் செய்வார். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

உங்கள் கணவர் பெயரில்தான் ஒப்பந்தம், ஆகவே இன்றைக்கே அவர் ஏஜென்ட்டுக்கும் ஓனருக்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்து மெயில் அனுப்பட்டும். வாட்ஸாப் போதாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “முன்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொன்ன அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன். இனி வீட்டைப் பார்க்க வருவதானால் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக எனக்கும் என் மனைவிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். நாங்கள் சம்மதித்த பிறகு, சனிக்கிழமை 10 முதல் 12 வரை, வார நாளில் ஒரு மாலை, வாருங்கள். மணி அடித்து நாங்கள் திறக்கும்வரை காத்திருங்கள். நாங்கள் இல்லாதபோது சாவி போட வேண்டாம். எங்கள் பீரோ, பெட்டிகளைத் தொட வேண்டாம். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று எழுதித் தெரிவியுங்கள்.” மரியாதையாகவே இருக்கட்டும். வரவே கூடாது என்று மட்டும் எழுதாதீர்கள். ஒப்பந்தத்தில் காட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு முழுக்க மறுத்தால், மீறியது நீங்கள் என்று ஆகும்.

பூட்டு விஷயத்தில் மாமா பக்கம்தான் நான். ஓனர் சம்மதமில்லாமல் பூட்டின் சிலிண்டரை மாற்றாதீர்கள். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளோ சங்கிலியோ போட்டுக்கொள்ளலாமா என்று அதே மெயிலில் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். அதுவரை வீட்டுக்குள் இருக்கும்போது சாவியைப் பூட்டிலேயே பாதி திருப்பி விட்டு வையுங்கள். நிறைய பூட்டுகளில் வெளியிலிருந்து இன்னொரு சாவி நுழையாது. ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

மெயிலுக்குப் பிறகும் இதே கதைதான் என்றால் ரெண்டு இடம் உண்டு. ரென்டல் ஹவுசிங் டிரிப்யூனல் மாகாணத்துக்கு ஒன்று. குவாசுலு-நட்டாலுக்கும் இருக்கிறது. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்ட்ரேட் கோர்ட் உத்தரவுக்குள்ள பலம் உண்டு. ஏஜென்ட்டின் நடத்தை பற்றி என்றால் பிராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் ரெகுலேட்டரி அத்தாரிட்டி. 2022 பிப்ரவரியிலிருந்து ஏஜென்ட்டுகளைக் கண்காணிப்பது அதுதான். ஏஜென்ட்டிடம் ஃபிடிலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட் (இந்தத் தொழில் செய்ய வேண்டிய சான்று) காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டாலே நடை மாறும்.

தேதி, நேரம், யார் வந்தார், என்ன தொட்டார் எல்லாம் இன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு தேவைப்பட்டால் போலீஸ் நிலையத்தில் அதையே சத்தியப் பிரமாணமாக இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள்.

மிட்ராண்ட்_கவி

வீட்டை விற்றுவிட்டால்? புது ஓனர் வந்து வெளியே போ என்பாரே.

மாரிட்ஸ்பர்க்_கணக்குப்பிள்ளை

முடியாது. பழைய டச்சுச் சட்டத்திலிருந்து வந்த விதி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. விற்றாலும் வாடகை ஒப்பந்தம் வீட்டோடு சேர்ந்தே போகும். பாக்கி 8 மாதமும் அதே வாடகையில் இருக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் விற்றால் முடிந்துவிடும் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சண்டை முற்றி நீங்களாகவே போக நினைத்தால், கோபத்தில் ராவோடு ராவாகக் காலி செய்யாதீர்கள். டிபாசிட் சிக்கலாகும். ஒப்பந்தம் முடியும் முன் 3 நாளைக்குள் ஓனரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் பிறகு சேதம் என்று கதை கட்ட முடியாது. நுழையும்போதும் அப்படிச் சேர்ந்து பார்த்தீர்களா?

உம்லாங்கா_புதுசு

பார்த்தோம், போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். விற்றால் முடியும் என்ற வரி இல்லை, ரெண்டு தடவை படித்துவிட்டேன். மெயில் இவரே அனுப்பிவிட்டார், ஓனரையும் சேர்த்து. ஓனர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். ஏஜென்ட் வந்ததே தனக்குத் தெரியாதாம், தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஏஜென்ட் இன்னும் பதில் போடவில்லை, ஆனால் சனிக்கிழமை 10 மணிக்கு ஒரு குடும்பம் வருவதாக என் போனுக்கும் இப்போது செய்தி வந்திருக்கிறது. விற்பனை விளம்பரத்தில் எங்கள் கல்யாண போட்டோ தெரிகிற மாதிரி படம் போட்டிருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லலாமா?

மாரிட்ஸ்பர்க்_கணக்குப்பிள்ளை

தாராளமாக. எழுத்தில் கேளுங்கள், இணைப்பையும் வையுங்கள். சனிக்கிழமைக்கு முன் சுவரில் இருப்பதைக் கழற்றி வையுங்கள், மாத்திரை, பாஸ்போர்ட், லேப்டாப் எல்லாம் பூட்டி வையுங்கள்.

சாட்ஸ்வர்த்_மாமா

வீட்டுக்காரருக்கு அன்றைக்கும் ஷிப்டா? அப்படியென்றால் தனியாக இருக்காதீர்கள். சனிக்கிழமை காலை எனக்கும் என் சம்சாரத்துக்கும் வேலை ஒன்றும் இல்லை, அரை மணி நேரத்தில் வந்துவிடுவோம். தனிச் செய்தியில் முகவரி அனுப்புங்கள். காபி நாங்கள் கேட்போம்.