உதவி தேவை: பெர்கனிலிருந்து ஒரே நாளில் ஃப்ளோம், தனிப் பயணம், இருக்கை கிடைக்கவில்லை

வெண்ணிலா: வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை நோர்வேயின் பெர்கன் நகரிலிருந்து தனியாகக் கிளம்பி, ஃபியோர்டுக் கரையில் உள்ள ஃப்ளோம் ஊருக்குச் சென்று, அன்றே திரும்ப வேண்டும். முன்பதிவு செய்ய முயன்றால் இடமில்லை என்று வருகிறது. திங்கட்கிழமை காலையில் ஊருக்கு விமானம் இருப்பதால் பயண நாளை மாற்ற இயலாது. வேறு வழி தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

கரையோரன்: எதற்கு இடமில்லை? பெர்கன் ரயிலுக்கா, ஃப்ளோம் மலை ரயிலுக்கா, படகுக்கா? ரயில், படகு, பேருந்து சேர்ந்த முழுச் சுற்றையும் ஒரே சீட்டாக வாங்கப் பார்த்தீர்களா, தனித்தனியாகப் பார்த்தீர்களா? இவை தெரியாமல் வழி சொல்ல முடியாது.

பொருநை: காரணம் பெரும்பாலும் சொகுசுக் கப்பல்கள்தான். இப்போது, செப்டம்பரிலும், அவை ஃப்ளோம் துறைக்கு வருகின்றன. இறங்கும் பயணிகள் கூட்டமாக மலைமேல் உள்ள மிர்டால் நிலையம் வரை ஏறி, அதே மலை ரயிலில் இறங்குவார்கள்; அதனால் நண்பகலை ஒட்டிய வண்டிகள் முதலில் நிரம்பிவிடும். அதிகாலை வண்டியையோ மாலை வண்டியையோ பாருங்கள்.

திசைமானி: இந்தச் சந்தேகம் கோடைதோறும் இங்கே வருகிறது, நானும் ஒவ்வொரு முறையும் பதில் எழுதி வருகிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளை ஒரு முறை படித்திருந்தால், பெர்கன், வோஸ், குட்வாங்கன், ஃப்ளோம், மிர்டால் என்ற வரிசையைத் தலைகீழாகவும் சுற்றலாம் என்பது தெரிந்திருக்கும். எல்லோரும் மலை ரயிலில் மாலையில் ஏறப் பார்க்கிறார்கள். நீங்கள் காலையில் பெர்கன் ரயிலில் மிர்டால் வரை சென்று, அங்கிருந்து மலை ரயிலில் ஃப்ளோமுக்கு இறங்குங்கள். இது அடிப்படைப் பாடம்.

வெண்ணிலா: முழுச் சுற்றுக்கும் சேர்த்து விற்கும் சீட்டை மட்டும்தான் பார்த்தேன். பெட்டி எதுவும் கிடையாது, முதுகுப்பை ஒன்றுதான். அலுவலகத்தில் இருக்கிறேன், மாலையில் தனித்தனியாகப் பார்க்கிறேன்.

கரையோரன்: அப்படியானால் வழி இருக்கிறது. சேர்த்து விற்கும் சீட்டில் ஏதேனும் ஒரு பகுதி நிரம்பினாலும் மொத்தமும் இல்லை என்று காட்டக்கூடும். தனியாகச் செல்பவருக்குத் தேவை ஓர் இருக்கை மட்டுமே. நால்வர் குடும்பத்துக்குக் கிடைக்காத வண்டியில் ஒருவருக்குக் கிடைப்பது அரிதன்று.

மழைநகரவாசி: நான் பெர்கனில் வசிக்கும் இலங்கைத் தமிழன். தங்கைக்கு ஒன்று சொல்கிறேன்: மலை ரயில் கிடைக்காவிட்டாலும் பயணத்தைக் கைவிட வேண்டாம். வோஸ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஃப்ளோமுக்குப் பேருந்தில் போங்கள். பிறகு படகில் நேரோய்ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல்நீர்வழி) வழியாகக் குட்வாங்கன் வந்து, பேருந்தில் வோஸுக்குத் திரும்பலாம். படகுப் பயணம் ஏறத்தாழ 2 மணி நேரம். மிகக் குறுகிய இடத்தில் 250 மீட்டர் அகலமே உள்ள அந்த நீர்வழிக்காகத்தான் நோர்வேக்கு வர வேண்டும். 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அதுவே, ரயில் பாதையன்று. ஞாயிறு என்பதால் பேருந்துகள் குறைவு; கால அட்டவணையில் அந்தக் கிழமையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பெரிய கடைகளும் பூட்டியிருக்கும், சாப்பாட்டைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

திசைமானி: ரயிலை இவ்வளவு எளிதாக ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்தில் கடல் மட்டத்திலிருந்து 860 மீட்டருக்கு மேல் ஏறும் பாதை அது. 20 சுரங்கங்களில் 18-ஐத் தொழிலாளர்கள் கையாலேயே குடைந்தார்கள். பற்சக்கரம் இல்லாத வழக்கமான தண்டவாளத்தில் இவ்வளவு செங்குத்தான பாதைகள் உலகில் மிகச் சில. படகில் எல்லா ஃபியோர்டுகளிலும் போகலாம், இந்த ரயில் இங்கு மட்டுமே உண்டு.

மழைநகரவாசி: அடிக்கடி சுரங்கச் சுவரைப் பார்த்தபடி போவதையும், இரு பக்கமும் எழும் பாறைகளுக்கு நடுவே மேல்தளத்தில் நின்று போவதையும் ஒன்றாக வைக்க முடியாது. இப்போது அங்கே மின்கலப் படகுகள் ஓடுவதால் இயந்திர இரைச்சலும் இல்லை.

பொருநை: இருவரும் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவருக்கு மிர்டாலைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே! அந்த நிலையத்துக்குச் சாலை கிடையாது. கடைசி ரயிலைத் தவறவிட்டால் டாக்சி கூப்பிட முடியாது. தனித்தனிச் சீட்டு வாங்கினால் இணைப்பு நேரத்தைத் தாராளமாக விடுங்கள், கம்பளி உடையும் மழைச்சட்டையும் பையில் இருக்கட்டும். பெர்கன் பாதையில் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுகிறார்களா என்பதையும் முந்தைய நாளே பாருங்கள்.

வெண்ணிலா: கிடைத்துவிட்டது. காலையில் மிர்டாலிலிருந்து இறங்கும் வண்டியில் ஓர் இருக்கை, பிறகு படகு, பேருந்து, வோஸிலிருந்து ரயில். அனைவருக்கும் நன்றி.

தென்னவன்: இதே சுற்றை நான் டிசம்பரில் தனியாகச் செய்யலாமா?

மழைநகரவாசி: செய்யலாம், ஆனால் படகின் நேரத்தை முதலில் பாருங்கள். டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் காலை 9.30-க்குப் பிறகே உதித்து, பிற்பகல் 3.30 அளவில் மறைந்துவிடும். அதற்குள் ஃபியோர்டைக் கடக்கும் படகாகத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றை அதற்கேற்ப அமையுங்கள். எந்தத் தேதியில் வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள்?