ரத்தம் ஊறுவதில் ஆண் ஹார்மோனுக்கு என்ன வேலை? உங்கள் வீட்டு அனுபவம் சொல்லுங்கள்

மாம்பலம்வாசி:
அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசி ஆரம்பித்தபின் ஹீமோகுளோபின் 14-இலிருந்து 12.6-க்கு இறங்கிவிட்டது. அம்மா சும்மா இருப்பாளா? பேரீச்சை, பீட்ரூட், தினமும் முருங்கைக்கீரை. போன முறை டாக்டரிடம் இரும்பு மாத்திரையும் கேட்டாள். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வரியில் பேனா முனையை வைத்தார். "இரும்பு தாராளமாக இருக்கிறது அம்மா. ரத்தம் ஊறச் சொல்லி விரட்டும் ஹார்மோனைத்தான் நாம் நிறுத்தி வைத்திருக்கிறோம்." அம்மா தலையாட்டினாள். வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தி மறுபடி முருங்கைக்கீரை வாங்கினாள்.

கொளத்தூர்க்காரன்:
என் தம்பி கதை நேர் எதிர். ஓயாத தலைவலி, முகம் எப்போதும் சிவந்தே இருக்கும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், மெஷின் தப்பாகக் காட்டுகிறது, மறுபடி வாருங்கள் என்று லேபிலிருந்து போன். இரண்டாம் முறையும் அதேதான்: ஹீமோகுளோபின் 18.9, ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 57. டாக்டர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த ஜிம்?" என்றார். பக்கத்தில் அம்மா. தம்பியின் முகம் இன்னும் சிவந்தது. இப்போது அவன் சிநேகிதர்கள், ரத்த தானம் செய், ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடரலாம் என்கிறார்கள்.

அண்ணாநகர் ரவி:
அந்தச் சிநேகிதர்களை முதலில் விலக்கி வையுங்கள். என் மைத்துனருக்கும் டாக்டரே எழுதிக் கொடுத்த ஊசியில் இப்படி ஏறியது. அளவைக் குறைத்தார்கள், இறங்கியது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் விஷயம் புரிய வேண்டும். ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின், உடம்பிலுள்ள இரும்பை ரத்தத்துக்குள் விடாமல் மடக்கி வைக்கும். டெஸ்டோஸ்டிரோன் அந்த ஹெப்சிடினைக் குறைக்கிறது; சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும், சிறுநீரகத்தின் எரித்ரோபாய்டின் ஹார்மோனையும் தூண்டுகிறது. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டாட்டம். பருவம் எய்தும் வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒன்றுதான்; ரத்தசோகைக்கான எல்லை பிறகு ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்று பிரிவது இதனால்தான். சிகிச்சையில் இருப்பவருக்கே ஹீமடோகிரிட் 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். ரத்தம் குழம்பாகிவிட்டால் உறையும் அபாயம். தானம் கொடுத்துவிட்டு ஊசியும் போடுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போல. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும்; நிறுத்திய மறுவாரமே குறையவில்லை என்று பதறாதீர்கள். தம்பி புகை பிடிப்பாரா, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நிற்கிறதா என்றும் பாருங்கள், அவையும் ஏற்றும். மாம்பலம்வாசி, அப்பாவுக்கு பி12-உம் பார்த்துவிடுங்கள்.

தாம்பரம் மாலா:
ரவி சார், யாரும் மருந்துச்சீட்டு கேட்கவில்லையே! ஆண் ஹார்மோன் என்றாலே ஜிம் திருட்டு ஊசி மாதிரி பேசுகிறீர்கள். என் அக்காவுக்கு மஜ்ஜை செயலிழந்து ரத்தம் ஊறவே இல்லை. ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த டானசோல் மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல மெல்ல ரத்தம் ஏற்றப் போகும் இடைவெளி நீண்டது. கூடவே மேலுதட்டில் முடி, குரலும் தடித்துவிட்டது. மதுரை அத்தை போனில், "தம்பி, அக்காவைக் கூப்பிடுப்பா" என்றார். இவள் அசரவில்லை. "அக்காதான் அத்தை பேசுகிறேன். ஹீமோகுளோபின் 10 ஆகிவிட்டது!"

அண்ணாநகர் ரவி:
மகிழ்ச்சி. டானசோல் என்றால் ஈரல் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.