டவுன்லேண்ட் என்றால் தாழ்நிலம் இல்லை

> 'சாக் டவுன்லேண்ட்' = சுண்ணாம்புத் தாழ்நிலம். சரியா?

'சாக் டவுன்லேண்ட்' (chalk downland) என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும்போது தாழ்நிலம் வேண்டாம். இந்த 'டவுன்', குன்றைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ், நார்த் டவுன்ஸ் எல்லாமே மேடுதான். ஊட்டி வென்லாக் டவுன்ஸும் மேடுதான், ஆனால் அங்கே சாக் பாறை கிடையாது. அதை இதற்குள் இழுக்க வேண்டாம்.

சுண்ணாம்புக்கல் என்பது லைம்ஸ்டோனுக்கு நிலைத்துவிட்டது. சாக் அதில் ஒரு வகை, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலக் கடலில் நுண்பாசிகளின் ஓடு படிந்து உண்டான மென்மையான வெள்ளைப் பாறை. சீமைச்சுண்ணாம்பு என்றால் கரும்பலகைதான் நினைவுக்கு வருகிறது. 'வெண்சுண்ணம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

> வெறும் புல்வெளி போதாதா?

போதாது. கோடையில் அங்கே வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போகிறவர்கள் தேடுவதே மண்ணும் சரிவும் குட்டைப் புல்லும் சேர்ந்த இடத்தைத்தான். சாக்ஹில் புளூ, அடோனிஸ் புளூ என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் அங்கே ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற ஒரே செடியை நம்பியிருக்கின்றன. அந்தச் செடிக்குச் சுண்ண மண் வேண்டும். அடோனிஸுக்கு ஆடோ முயலோ ஒட்ட மேய்ந்த, வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவும் வேண்டும். 1950களில் மிக்சோமட்டோசிஸ் நோயில் முயல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. புல் ஓங்கியது, அடோனிஸ் பல மேடுகளிலிருந்து காணாமல் போனது.

ஆகவே என் பரிந்துரை: வெண்சுண்ணப் புல்மேடு.

'புளூ' வகைக்கு நம் ஆட்கள் ஏற்கெனவே 'நீலன்' என்கிறார்கள், நல்ல சொல். சாக்ஹில் புளூவுக்கு, அதாவது ஜூலை, ஆகஸ்டில் வெளிர் வெள்ளிநீல ஆண் தாழப் பறக்கும் வகைக்கு, 'சுண்ணமேட்டு நீலன்'. அடோனிஸின் நீலம் கண்ணைப் பறிக்கும், அதை அடோனிஸ் நீலன் என்றே விட்டுவிடலாம். பெண்கள் பழுப்பு, அங்கேதான் குழப்பம். இறக்கை ஓரத்து வெள்ளை இழைகளைப் பாருங்கள். இந்த இரண்டிலும் கறுப்புக் கோடுகள் குறுக்கே வெட்டி ஓடும். காமன் புளூ என்ற இன்னொரு நீலனில் ஓரம் சுத்த வெள்ளை. அந்த ஓரத்துக்கு 'விளிம்பிழை' என்று முன்பு யாரோ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம், ஹார்ஸ்ஷூ வெட்ச். காய், லாட வடிவக் கண்ணிகளாகக் கோத்திருக்கும். 'லாடப்பயறு' என்று எழுதிவைத்திருக்கிறேன். பயறு என்றதும் சுண்டலுக்கு ஆகுமா என்று கேட்பார்களோ? தாவரவியல் படித்தவர்கள் வேறு சொல் தந்தால் மாற்றிவிடலாம்.