கலைச்சொல்: ‘நியூ கம்யூனலிஸ்ட்’ – ‘கூடிவாழ்நர்’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அறுபதுகளில் நிலம் வாங்கிக் கூட்டமாகக் குடியேறி வாழ்ந்த அமெரிக்க இளைஞர்களை ஆங்கிலத்தில் ‘நியூ கம்யூனலிஸ்ட்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘கம்யூனலிஸ்ட்’ என்றால் நம்மிடம் ‘வகுப்புவாதி’ ஏற்கெனவே இருக்கிறது. ‘புதிய வகுப்புவாதிகள்’ என்றால் முடிந்தது.

ஐயா, தயவுசெய்து வேண்டாம். மதக்கலவரச் செய்திகளில் புழங்குகிற சொல் அது. வேலையும் வேண்டாம், நகரமும் வேண்டாம் என்று காட்டுக்குள் போய்ச் சோயா விதைத்தவர்கள் தலையில் அதைக் கட்டினால், படிப்பவர் முதல் வரியிலேயே திசைமாறிப் போவார்.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஃபிரெட் டர்னர் இந்தப் பெயரை ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகப் பயன்படுத்துகிறார். அறுபதுகளின் அமெரிக்க இளைஞர் கூட்டத்தை அவர் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார். ஊர்வலம் போய், அமைப்பு கட்டி, அரசை மாற்றப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். அவர்கள் ‘புதிய இடதுசாரிகள்’. அதற்குத் தமிழில் சிக்கல் இல்லை. கட்சி அரசியலால் எதுவும் ஆகாது, மனமும் மாறி நல்ல கருவிகளும் கையில் இருந்தால் உலகம் தானே மாறும் என்று நம்பி, நிலம் வாங்கிக் கூட்டமாகக் குடியேறியவர்கள் இன்னொரு பக்கம். நாம் பெயர் தேடுவது இவர்களுக்கு. ‘எதிர்ப்பண்பாட்டினர்’ என்ற பரிந்துரையை நான் ஏற்காததும் இதனால்தான். அது இரு சாராருக்கும் பொதுவான சொல். பொதுச்சொல்லை ஒரு சாராருக்கு மட்டும் கொடுத்தால் டர்னர் போட்ட கோடே அழிந்துவிடும்.

> ‘கூட்டுப்பண்ணை’ எளிய சொல். பள்ளிப் பாடத்திலேயே வருகிறது.

பாடத்தில் வருகிறது, சரி. ஆனால் அங்கே அது அரசு ஆணை போட்டு உழவர் நிலங்களை ஒன்றாக்கிய சோவியத் பண்ணை. இங்கே யாரும் ஆணை போடவில்லை. ‘கம்யூன்’ என்றே வைக்கலாம் என்பவர்களுக்கும் இதுதான் பதில்: 1871-இல் பாரிஸில் எழுந்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூனும் சீனாவில் மாவோ அமைத்த மக்கள் கம்யூனும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே குடியிருக்கின்றன.

சொல்லைத் தேடுமுன் அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். டென்னசி மாநிலத்தில் சம்மர்டவுன் அருகே உள்ள ‘தி ஃபார்ம்’ நல்ல எடுத்துக்காட்டு. சான்ஃபிரான்சிஸ்கோவில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஸ்டீஃபன் கேஸ்கின், திங்கள்கிழமை இரவுகளில் பெரிய கூட்டத்துக்கு ஆன்மிகமும் போதை அனுபவமும் கலந்து வகுப்பு நடத்தியவர். 1970-இல் அவர் நாடெங்கும் பேசப் புறப்பட்டபோது மாணவர்கள் பழைய பள்ளிப் பேருந்துகளை வாங்கி வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். 1971-இல் அந்த வண்டிகள் டென்னசியில் போய் நின்றன. முதலில் சுமார் 1,000 ஏக்கர். பிறகு அக்கம்பக்க நிலத்தையும் சேர்த்து 1,700 ஏக்கருக்கு மேல். மக்கள்தொகை உச்சத்தில் ஆயிரத்தைத் தாண்டியது.

உள்ளே வருபவர் தன் சொத்தைப் பொதுவில் சேர்த்துவிட வேண்டும். யாருக்கும் தனிச் சம்பளம் கிடையாது. இறைச்சி, பால், முட்டை இல்லை, சோயாவை விதைத்து, சோயாப்பால் கறந்து(!) சாப்பிட்டார்கள். தொடக்கத்தில் பேருந்திலும் ராணுவக் கூடாரத்திலும் வாழ்க்கை. பிறகு ஒரே வீட்டில் பல குடும்பங்கள். ஸ்டீஃபனின் மனைவி இனா மே கேஸ்கின் தலைமையில் தாங்களே மகப்பேறு பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் மருத்துவச்சிகளுக்கு மீண்டும் மரியாதை வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே உதவி செய்ய 1974-இல் ‘பிளென்டி’ என்ற அமைப்பு. 1976 குவாத்தமாலா நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே போய் வீடு கட்டிக்கொடுத்தது அதுதான்.

பண்ணையாக அது பெரிய வெற்றி இல்லை. வருமானத்தைவிட வாய்கள் வேகமாகப் பெருகின, கடன் ஏறியது. 1983-இல் பொதுப் பணப்பெட்டியை மூடிவிட்டு, அவரவர் சம்பாதித்து மாதச் சந்தா கட்டுங்கள் என்றார்கள். பெரும்பாலோர் வெளியேறினார்கள். ஊர் சிறுத்தாலும் இன்றும் இருக்கிறது.

‘கூடிவாழ்’ என்ற வேரை நான் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இதற்குப் பிறகு வருகிறது. 1985-இல் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்ட்டும் கலிபோர்னியாவில் ‘தி வெல்’ என்ற கணினி உரையாடல் களத்தைத் தொடங்கினார்கள். பிராண்ட், 1968-இல் ‘ஹோல் எர்த் கேட்டலாக்’ என்ற கருவிப் பட்டியலைத் தொடங்கி இந்தக் குடியிருப்புகளுக்கெல்லாம் சேர்த்தவர். பிரில்லியன்ட், இந்தியாவில் பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்த மருத்துவர். (அவர் சேர்ந்து தொடங்கிய சேவா அறக்கட்டளைக்கும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் நெடுநாள் உறவு. அது தனி இழைக்கான கதை.) வெல்லை அன்றாடம் நடத்த அமர்த்தப்பட்டவர்கள் யார்? முதல் மேலாளர் மேத்யூ மெக்ளூர், அடுத்து வந்த கிளிஃப் ஃபிகாலோ, உறுப்பினர்களோடு எந்நேரமும் பேசிக்கொண்டிருந்த ஜான் கோட். மூவருமே டென்னசிப் பண்ணையில் பல ஆண்டுகள் வாழ்ந்து வெளியேறியவர்கள்.

அவர்கள் உழவை அங்கே கொண்டுபோகவில்லை. இடநெருக்கடியில் வாழ்ந்தபோது பழகியதைக் கொண்டுபோனார்கள்: சண்டை வந்தால் ஆளைத் துரத்தாமல் எல்லார் முன்னாலும் பேசித் தீர்ப்பது, முகமூடி இல்லாமல் உண்மைப் பெயரோடு நிற்பது, அவரவர் சொல்லுக்கு அவரவரே பொறுப்பேற்பது. நம் குழுமத்தில் அவ்வப்போது வெடிக்கும் கிரந்த எழுத்துச் சண்டையை நடத்திவைக்க அப்படி ஒருவர் இருந்தால் தேவலை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். பாடலாசிரியர் ஜான் பெரி பார்லோவும் மென்பொருள் தொழில்முனைவர் மிட்ச் கேப்போரும் வெல் வழியே ஒன்றுசேர்ந்து, ஜான் கில்மோரோடு சேர்ந்து 1990-இல் மின்னுலக உரிமைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னால் வந்த இணையக் குழுக்கள் பலவற்றுக்கு முன்மாதிரி வெல்தான். ஆகவே ‘பண்ணை’யும் ‘நிலம்’மும் கலைச்சொல்லில் தேவையில்லை. தொழில்நுட்பத்துக்குள் போய்ச் சேர்ந்தது கூடி வாழும் பழக்கம்.

> ஆப்பிள் கதையை விட்டுவிட்டீர்களே!

வேண்டுமென்றேதான். எல்லாரும் சொல்லும் கதை அது, ஆனால் மெலிந்த கதை. ரீட் கல்லூரியில் ஸ்டீவ் ஜாப்சுக்குப் பழக்கமான ராபர்ட் ஃபிரீட்லாண்ட், ஒரேகானில் உறவினர் ஒருவரின் ஆப்பிள் தோட்டத்தை ‘ஆல் ஒன் ஃபார்ம்’ என்ற குடியிருப்பாக்கி நடத்தினார். ஜாப்ஸ் அங்கே போய் மரங்களைக் கிளை கழிப்பார். 1976-இல் அங்கிருந்து திரும்பியபோதுதான் நிறுவனத்துக்கு ‘ஆப்பிள்’ என்று பெயர் வைக்கலாம் என்றாராம். அவ்வளவுதான். நம் உழைப்பு யாருக்குப் போகிறது என்ற சலிப்பில் அங்கிருந்து பலர் விலகினார்கள், ஜாப்சுக்கும் அலுத்துவிட்டது. ஃபிரீட்லாண்ட் பிற்பாடு சுரங்கத் தொழிலில் பெரும் பணக்காரர் ஆனார். தொழில்முனைவோர் இந்த வாழ்க்கையிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று யாராவது கட்டுரை எழுதினால் ஒன்றை மறக்கக் கூடாது: கருவிமீது நம்பிக்கை, அரசுமீது அவநம்பிக்கை, மேலாளர் இல்லாத குழு என்ற கனவு எல்லாம் வந்தன, பொதுப் பணப்பெட்டி மட்டும் வரவில்லை. இதனால்தான் ‘பொதுவுடைமை’, ‘சமத்துவம்’ போன்றவற்றைச் சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம் என்கிறேன். ‘சமத்துவபுரம்’ என்றால் நமக்கு அரசுக் குடியிருப்புத் திட்டம் என்பது வேறு.

> ‘கூடி’ என்றால் வேறு பொருள் தொனிக்கிறதே...

தொனிக்கட்டும். ‘சேர்ந்து வாழ்தல்’ என்று வைத்தால் அது செய்தித்தாளில் திருமணமாகாத இணைகளுக்கு என்றே ஆகிவிட்டது. ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ காதில் விழும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. அப்புறம், டென்னசிப் பண்ணையில் இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பெரியவர்களைவிடக் கறார்: உறவு வைத்தால் நிச்சயதார்த்தம் ஆனதாகக் கணக்கு, கருவுற்றால் கல்யாணம் ஆனதாகக் கணக்கு.

‘ஆசிரமம்’ என்று ஒரு தோழி பரிந்துரைத்ததில் நியாயம் உண்டு. கேஸ்கின் சொல்லுக்கு மறுசொல் எழுவது கடினம்; சமம் என்று பேசினாலும் சமையலும் பிள்ளை வளர்ப்பும் பெரும்பாலும் பெண்கள் பாடுதான். ஆனால் இந்தக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் குரு இருந்ததில்லை. 1965-இல் கொலராடோவில் கும்மட்ட வீடுகள் கட்டிக் குடியேறிய ‘டிராப் சிட்டி’யில் ஓவியர்கள்தான் இருந்தார்கள். குரு இருந்த இடங்களுக்கு மட்டும் ஆசிரமம் என்று எழுதலாம்.

‘புது’ அவசியமா என்றும் கேட்டிருந்தார்கள். அவசியம். அமெரிக்காவில் 1841-இலேயே புரூக் ஃபார்ம் என்ற கூட்டுக் குடியிருப்பு வந்துவிட்டது, 1848-இல் ஒனைடா என்று இன்னொன்று. ஒனைடா 1881-இல் கலைந்து பங்கு நிறுவனமாகி, கரண்டி, முள்கரண்டி விற்றுப் பேரெடுத்தது. சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு முன்னோடி தேடுபவர்கள் அங்கிருந்தும் தொடங்கலாம்.

ஆக, என் வரைவு இது. இயக்குநர், ஓட்டுநர் போல ‘கூடிவாழ்நர்’. டர்னர் சுட்டும் தலைமுறைக்கு ‘புதுக் கூடிவாழ்நர்’. அவர்கள் வாழ்ந்த இடம் ‘கூடிவாழகம்’. கொள்கையைச் சொல்ல ‘கூடிவாழ்வியம்’ என்று நினைத்தேன், ஆனால் வாயில் ஒட்டவில்லை. ‘கூடிவாழ்வுக் கொள்கை’ என்று இரண்டு சொல்லாகவே இருக்கலாமோ? ‘ஹிப்பி’யை ஹிப்பி என்றே விட்டுவிடுவோம். ‘கூடிவாழகம்’ பற்றி இலங்கை நண்பர்கள் கருத்துச் சொன்னால், கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்.