ஏழாம் பாகத்தில் பொறுமை போய்விட்டது: ‘ஹவுஸ் ஆஃப் நைட்’ தொடரை முடிக்கத்தான் வேண்டுமா?

உப்புவெளி வாசகி:
பி. சி. காஸ்ட்டும் அவருடைய மகள் கிறிஸ்டின் காஸ்ட்டும் சேர்ந்து எழுதி, 2007 முதல் 2014 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த இத்தொடரை உயர்தரம் படித்த காலத்தில் தொடங்கினேன். நெற்றியில் பிறை அடையாளம் விழுந்த ஸோயி என்னும் மாணவி இரத்தக் காட்டேரிகளின் விடுதிப் பள்ளியில் சேர்கிறாள். அங்கே மாணவர்கள் மெல்ல மெல்ல இரத்தக் காட்டேரிகளாக மாறுகிறார்கள்; அந்த மாற்றத்தை உடல் ஏற்காவிட்டால் மரணம் நிச்சயம். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மாணவன் இரத்தம் கக்கி விழுகிறானே, அந்தப் பயந்தான் என்னைக் கட்டிப் போட்டது.

பின்னர் கதையே அந்தப் பயத்தை அழித்துவிட்டது. இரண்டாம் பாகத்தில் தோழி ஸ்டீவி ரே இறந்தபோது விம்மி அழுதேன். அவள் திரும்பி வந்தாள். நான்காம் பாகத்தில் வில்வித்தை மாணவன் ஸ்டார்க் இறந்தான், அவனும் எழுந்தான். ஆறாம் பாகத்தில் ஸோயியின் மனிதக் காதலன் ஹீத் கொல்லப்பட்டபோது எனக்குக் கண்ணீரே வரவில்லை. ஒரு காலத்தில் உயிராய் நினைத்த கதையில் இப்படி மரத்துப்போனேனே என்பதுதான் என் வருத்தம். ஏழாம் பாகமோ ஸோயியின் சிதறிய ஆன்மாவை மீட்பதைப் பற்றியது. கடற்காற்றில் அட்டை சுருண்டு, பாதியில் கிடக்கிறது. முழுவதும் படித்தவர்கள் கதையை மறைக்காமல் சொல்லுங்கள்.

உவர்மலை ஆசிரியர்:
தங்கச்சி, நீளத்தைக் குறை சொல்ல வேண்டாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி ஆண்டுக்கணக்காகக் கல்கி இதழில் வந்தது. எங்கள் அம்மா வாரந்தோறும் காத்திருந்து படித்தாராம். ஆனால் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறந்தது இறந்ததுதான். அதன்பின் வந்தியத்தேவன் சிறைப்படுவதும் சோழ அரசுரிமைச் சிக்கலும் அந்த ஒரு மரணத்தின் பாரத்தைச் சுமந்தே நகர்கின்றன. உங்கள் தொடரில் அந்தப் பாரத்தை ஆசிரியர்களே இறக்கி வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், நிறுத்திவிடுங்கள்.

நிலாவெளி:
அக்கா, பன்னிரண்டையும் படித்து முடித்தவள் நான். எட்டாம் பாகம் வரை போகச் சொல்வேன். அதில் ஜாக் என்னும் மென்மையான பையன் ஏணியிலிருந்து வாளின் மேல் விழுந்து இறக்கிறான். அவன் வளர்த்த நாய் டச்சஸ் ஊளையிட, அவனை நேசித்த டேமியன் உடைந்துபோகும் இடத்தில், நீங்கள் தொலைத்த அந்தக் கண்ணீர் திரும்ப வரும். அவன் மீண்டு எழுவதில்லை. காக்கை உருவம் கலந்த ரெஃபாயிம் தன் பழைய கொடுமைகளுக்காக, காட்டேரிகள் வணங்கும் தேவியிடம் மன்னிப்புப் பெற்று, இரவில் மனிதனாகவும் பகலில் காக்கையாகவும் வாழ விதிக்கப்படுவதும் அந்தப் பாகத்தின் முடிவில்தான். மன்னிப்புக் கிடைத்தும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதனால் அவன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதற்குப் பிறகு ஹீத்தின் ஆன்மா வேறோர் உடலில் வருகிறது. தொடரின் வில்லி நெஃபரெட்டுடனான போரும் இழுபடுகிறது. நீங்கள் எட்டோடு நின்றாலும் பெரிய இழப்பில்லை.

உப்புவெளி வாசகி:
இருவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னது சரியென்றே படுகிறது. ஆயினும் ஜாக்குக்காக ஏழாம் பாகத்தை இந்த வாரமே முடித்துவிடுகிறேன். நிலாவெளித் தங்கச்சி, உங்களிடம் எட்டாம் பாகம் இருந்தால் இரவல் தருவீர்களா? அட்டை போட்டு, கடற்காற்றுப் படாமல் வைத்துப் படித்துத் திருப்பித் தருவேன்.